மஞ்சள் பட்டன்

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த டைரி ஆபீஸில் கொடுத்தது. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு, எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து ‘வேலையும் வாழ்வும்’ என்று பயிற்சி. நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மனிதனுக்கு மூன்று பாத்திரங்கள் இருக்கின்றனவாம்: ஆபீஸ், சமூகம், வீடு. தினமும் மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுவந்தால் நாற்பது நாளில் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்துவிடுமாம். “உண்மையா எழுதுங்க, உங்களைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க” என்றாள். யாருமே படிக்காததில் உண்மை எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

மார்க் என்றாலே எனக்குப் பழைய கிலி. மூன்று வருட டிப்ளமோவை ஐந்து வருடம் நிதானமாகப் படித்தவன் நான். சிவகாசியிலிருந்து சென்னைக்கு வந்து, கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி தூக்கி, அதைத் திருகிப் பூட்டி, எப்படியோ நழுவி சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் விழுந்து பத்தொன்பது வருடம் ஆயிற்று. இப்போது மொபைல் டெஸ்டிங். மற்றவர்கள் செய்யும் ஆப்பில் எங்கே தப்பு இருக்கிறது என்று அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறர் தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் மனைவி செண்பகம் அதையே இலவசமாகச் செய்கிறாள். அவள் கணக்கு டீச்சர், பி.எஸ்ஸி., பி.எட். எனக்கு இரண்டு மாடி மேலே.

சமூகம் என்றால் எங்கள் அடுக்ககம். தாழம்பூர் பக்கம், நூற்று அறுபத்தெட்டு வீடு. நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆபீஸில் என்னைப் பார்த்து ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இங்கே கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறார். மனிதன் எந்தப் பக்கம் சாய்வான்?

என் ஆட்சியின் சாதனை கேட் ஆப். குடியிருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் போனைக் காட்டிவிட்டு உள்ளே வரலாம். மற்றவர் யார் வந்தாலும் செக்யூரிட்டி தன் டேப்லெட்டில், அவர் மொழியில் டேப், முகத்தைப் படம் எடுப்பார். அது வீட்டுக்காரர் போனுக்குப் போகும். பச்சையை அமுக்கினால் உள்ளே. சிவப்பு என்றால் வந்த வழி. கூரியர், சாப்பாடு என்றால் மூன்றாவதாக ஒரு மஞ்சள் பட்டன் வரும்: ‘கேட்டில் விடவும்’. பொருள் கேட் பக்கத்து இரும்பு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் பாதி விஷயத்துக்கு இப்படி ஒரு மஞ்சள் பட்டன் இருந்தால் எவ்வளவு நிம்மதி.

ஆபீஸ் 5. சமூகம் 9. வீடு 7 (செண்பகம் திருத்தினால் 4).

அக்டோபர் 1, புதன்

செக்யூரிட்டி இசக்கிமுத்துவுக்கு மெமோ கொடுத்தேன். மாலை ஆறுக்கு மேல் வரும் விருந்தாளியிடம் நுழைவு எண் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். இது என் புது விதி. நேற்று சாயங்காலம் யாரோ ஒரு பெரியவரை, மூத்திரம் முட்டுகிறது என்றாராம், எண் இல்லாமல் விட்டிருக்கிறார்.

“இன்னொரு தடவை நடந்தா வேலை இருக்காது இசக்கி” என்றேன். ஆபீஸில் என்னிடம் சொல்லப்படும் அதே குரல் எனக்கும் வருகிறது. ஆச்சரியமாக இருந்தது.

“சரிங்க சார். இனி எமனே வந்தாலும் நம்பரக் கேட்டுத்தான் விடுவேன்” என்றார். அம்பாசமுத்திரத்துக்காரர். கிண்டலா பணிவா என்று பிரிக்க முடியாது.

அக்டோபர் 3, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. தண்ணீர் லாரி இரண்டு மணி நேரம் தாமதம். சங்கக் குழுவில் நூற்று நாற்பது செய்தி. அதில் என்னைத் திட்டியது முப்பத்தொன்றுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பொதுக்குழு. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது தீர்மானம். தலைவர் ராஜரத்தினம் சார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வாசித்தார். நான் மேடையில் அவர் பக்கத்தில், புதுச் சட்டையோடு.

கூட்டத்தில் அல்லி எழுந்தாள். என் ஒரே மகள். இருபத்து மூன்று வயது, அவளும் சாஃப்ட்வேர்தான். ஆனால் ஆப் செய்கிற ஜாதி, அமுக்கிப் பார்க்கிற ஜாதி இல்லை.

“சார், என் ஆபீஸ் பையையும் திறந்து பாப்பீங்களா?”

“நீங்க ரெசிடெண்ட்மா” என்றார் தலைவர்.

“மாரியம்மாக்கா இங்க ஏழு வருஷமா வர்றாங்க. நீங்க குடிவந்தே ஒன்றரை வருஷம்தான் சார் ஆகுது.”

சலசலப்பு. நான் மைக்கை வாங்கி, “அல்லி, வீட்ல பேசிக்கலாம்மா. இங்க பேசுனா அப்பாவுக்குச் சாப்பாடு கிடைக்காது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“வீட்ல நீங்க எங்கப்பா பேசுறீங்க? ஆபீஸ்ல உங்க மேனேஜர் எட்டுப் பேர் முன்னாடி உங்களத் திட்டுறாங்க, ஸ்பீக்கர்ல எனக்கே கேக்குது. அதை அப்படியே தூக்கிட்டு வந்து இசக்கியண்ணன் தலையிலயும் மாரியம்மாக்கா தலையிலயும் இறக்குறீங்க. உங்களுக்குச் சல்யூட் அடிக்க ரெண்டு பேரு வேணும். அதுக்குத்தான இந்தச் சங்கம்?”

பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். அப்புறம் முழு ஹாலும் சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசியாக நிறுத்தியது நான்தான் என்று செண்பகம் சொன்னாள்.

தீர்மானம் அறுபத்தொன்றுக்குப் பதினாலு. ஜெயித்தோம்.

ஆபீஸ் விடுமுறை. சமூகம் 8. வீடு… அவள் பேச்சுத் தமிழ் நன்றாக இருந்தது. அதற்கு 6.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் அல்லியோடு கொஞ்சம் வாக்குவாதம். அவள் ஒன்று சொன்னாள், நானும் ஒன்று சொன்னேன். என் வாக்கியத்தை எழுத வேண்டியதில்லை. பெருங்குடியில் தோழியின் அறைக்குப் போயிருக்கிறாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாளாம். இரண்டு பை, லேப்டாப், போர்வை. போர்வை எடுத்துக்கொண்டு போகிறவள் ஒரு வாரத்தில் வருவாளா என்று கேட்டேன். செண்பகம் குக்கரை இறக்கினாள்.

மத்தியானம் ஆப்பைத் திறந்து குடியிருப்போர் பட்டியலில் அல்லி பெயரை நீக்கினேன். ‘உறுதியா?’ என்று கேட்டது. நல்ல ஆப், இரண்டு தரம் கேட்கிறது. விளையாட்டுக்குத்தான். ஒரு நாள் கேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். போனில் அவள் முகம் வரும். ‘யார் இந்தப் பெண்?’ என்று போன் செய்து கேட்டுவிட்டுப் பச்சையை அமுக்குவேன். இரண்டு பேரும் சிரிப்போம். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று ‘யாரது?’ என்று கேட்பேன், ‘நாந்தான் போலீஸ்’ என்பாள். அதே மாதிரிதான்.

அக்டோபர் 9, வியாழன்

மேனேஜர் நிவேதா கூப்பிட்டாள். இருபத்தொன்பது வயது. வரும் வியாழன் மாலை ஆறரைக்கு லண்டன் வாடிக்கையாளருக்கு டெமோ. என் போனில்தான் புது ஆப் ஒழுங்காக ஓடுகிறது. அதனால் என் போன் திரை அப்படியே பெரிய திரையில் தெரியும், நான் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்ட வேண்டும்.

“குணா சார், போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?”

மறக்குமா. போன டெமோவில் செண்பகத்தின் செய்தி திரையில் வந்து விழுந்தது: ‘முருங்கைக்காய் ரெண்டு, முத்தலா வாங்காதீங்க’. லண்டன்காரர் அர்த்தம் கேட்டார். யாரோ சொல்லியும்விட்டார்கள்.

“இன்னொரு முருங்கைக்காய் வந்துச்சுன்னா உங்கள நான் காப்பாத்த முடியாது சார். ஆளக் குறைக்க மேல லிஸ்ட் கேட்டிருக்காங்க. டிகிரி இல்லாதவங்க பேருதான் முதல்ல கண்ணுல படும். ஓப்பனா சொல்றேன்.”

“முருங்கைக்கீரையா இருந்தா பரவாயில்லையா மேடம்?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள்.

போனில் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிட்டேன். கேட் ஆப் மட்டும் அணையவில்லை. போன் ஊமையாக இருந்தாலும் திரைமேல் ஏறி வர வேண்டும் என்று ஆப் கம்பெனியோடு ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கிய வசதி. பாதுகாப்பு முக்கியம் அல்லவா.

ஆபீஸ் 3.

அக்டோபர் 12, ஞாயிறு

அல்லி செண்பகத்துக்குப் போன் செய்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கம்பெனியில் புனேக்கு மாற்றலாகிப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வருடம். வெள்ளிக்கிழமைக்குள் சரி, இல்லை சொல்லியாக வேண்டும்.

“நீ என்னடி சொன்ன?” என்று செண்பகம் கேட்டாள். பிறகு வெகு நேரம் “ம்” மட்டும்.

போனை வைத்துவிட்டு என் பேப்பரைப் பிடுங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம் வர்றா. உங்ககிட்ட நேர்ல கேக்கணுமாம். நீங்க இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துருவேன்ங்கறா. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேணாமாம்.”

“அன்னைக்கு எனக்கு டெமோ.”

“ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவீங்கல்ல? வந்து, இருன்னு சொல்லுங்க. ரெண்டு எழுத்து.”

மனம் லேசாக இருந்தது. அல்லி பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆதார் எண், புதுப் படம் எல்லாம் கேட்கிறது. இந்த விதியை வைத்தவன் யார் என்று திட்டிக்கொண்டே பார்த்தால் நான்தான். நாளைக்குச் செய்யலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மோட்டார் எரிந்துவிட்டது. மூன்று மணி நேரம் மெக்கானிக்கோடு. அல்லி பெயர்: நாளை.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. டெமோ பிரமாதமாக முடிந்தது. முருங்கைக்காய் வரவில்லை. லண்டன்காரர் என் பெயரைச் சரியாக உச்சரித்துப் பாராட்டினார். நிவேதா கை கொடுத்தாள். லிஸ்டில் இனி என் பெயர் இருக்காது என்று காதோடு சொன்னாள்.

அல்லி வரவில்லை. மழை காரணமாக இருக்கலாம். செண்பகம் புளிக்குழம்பும் அப்பளமும் வைத்துக் காத்திருந்தாள். போன் செய்தால் அல்லி எடுக்கவில்லையாம்.

ஆபீஸ் 10. இதுவரை வாழ்க்கையில் எதிலும் வாங்காத மார்க்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் கீழே போன செண்பகம் கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. எனக்குப் பிடிக்கும் என்று, தோழி ஊருக்குப் போனபோது அல்லி சொல்லி வாங்கியிருப்பாள். பெட்டிமேல் இசக்கியின் கையெழுத்தில், ஸ்கெட்ச் பேனாவில், ‘பி 407, அல்லி பாப்பா’.

“அலமாரில இருந்துச்சு” என்றாள்.

“வந்தாளா?”

“ஆறே முக்காலுக்கு வந்துருக்கா. பட்டியல்ல பேரு இல்லையாம். விருந்தாளின்னு போட்டா நம்பர் கேக்குதாம். மழையில நிக்கிறாளேன்னு இசக்கி கூரியர்னு போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்காரு, எப்படியாவது உங்க போனுக்குப் போகட்டும்னு.” நிறுத்தி என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு வரலையா?”

“வரலையே. டெமோல இருந்தேன்ல? நெட் கட்டாயிருக்கும். வீட்டு நம்பர மாத்திப் போட்டுருப்பாரு அந்த ஆளு.”

“சரி” என்றாள். பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். டீச்சர்கள் ‘சரி’ என்று சொல்வதில் பல வகை இருக்கிறது.

எனக்கு வந்ததா? வந்திருக்கலாம். டெமோ நடுவில் எத்தனையோ வரும்.

அல்லிக்குச் செய்தி அனுப்பினேன்: ‘நேத்து நீ வந்தது தெரியவே தெரியாதும்மா. அப்பா போனைப் பாக்கவே இல்ல.’ ஒரு மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் வந்தது. சாயங்காலம் செண்பகத்திடம் சொல்லியிருக்கிறாள், புனேக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சமயோசிதமான பெண். வாய்ப்பை விடக் கூடாது.

அக்டோபர் 18, சனி

சங்க அறையில் விசாரணை. செயலாளர் மகளையே செக்யூரிட்டி மழையில் நிறுத்தினார் என்று குழுவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். ராஜரத்தினம் சாருக்குக் கோபம்.

“யோவ், குடியிருக்கிற பொண்ணத் தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார். எங்கிட்ட நல்லாப் பேசும் அந்தப் பாப்பா. உள்ள வாம்மான்னுதான் சொன்னேன். ‘வேணாம்ணே, ஒங்களுக்கு ஏற்கெனவே மெமோ கொடுத்துருக்காரு, அப்பாவே தெறக்கட்டும்’னு அதுதான் சொல்லிச்சு.”

“அப்புறம்?”

இசக்கி என்னைப் பார்த்தார். “சார்ட்ட இருந்து பதில் வந்துச்சு சார். மஞ்சள். கேட்ல விடவும்னு. எனக்கு என்ன செய்யன்னே வெளங்கல. அது எட்டிப் பாத்துட்டு. பாத்துட்டு, ‘சரிண்ணே, விட்டுட்டுப் போறேன்’னு பெட்டிய அலமாரில வச்சிட்டு நடந்து போயிட்டு. கொட கொடுத்தேன், வாங்கல.”

தலைவர், “குணாளன், அன்னிக்குப் பதிவை எடுங்க, பாத்துருவோம்” என்றார்.

“ஒரு நாளுக்கு மேல பதிவு நிக்காது சார்.”

“முப்பது நாள்னு நீங்கதான சொன்னீங்க?”

“நேத்து மாத்துனேன். இடம் அடைக்குது.”

கூரியர் அல்லாதவரைக் கூரியர் என்று பதிந்தது அவரே ஒப்புக்கொண்ட தவறு. ஏற்கெனவே மெமோ இருக்கிறது. விதிப்படி வேலை நீக்கம். மெமோ கொடுத்தவன் என்ற முறையில் கையெழுத்து நான் போட வேண்டியிருந்தது. விசிலும் தொப்பியும் திருப்பித் தந்தார். போகும்போது பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்துவிட்டுப் பாதியில் கையை இறக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சமூகம் 7.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அல்லி வரவில்லை. செண்பகம் பெருங்குடிக்குப் போய், தோழியின் அறையில் அவளோடு தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தாள். எனக்குக் கேசரி மூடி வைத்திருந்தது.

ஃப்ரிட்ஜில் பால்கோவா பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. நின்றபடியே ஒரு ஓரத்தைக் கிழித்துக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல சரக்கு.

அக்டோபர் 27, திங்கள்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

டீம் மீட்டிங். முப்பது பேர். “டெமோல இடைஞ்சல் வந்தா எப்படிச் சமாளிக்கணும்னு குணா சாரைப் பாத்துக் கத்துக்குங்க” என்று நிவேதா பதிவைப் போட்டாள். டெமோ முழுவதும் பதிவாகியிருந்தது எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்த டெஸ்டர்.

பெரிய திரையில் என் போன். நான் பணம் அனுப்பும் பகுதியைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் மேல் கேட் ஆப் ஏறுகிறது. ஒரு முகம். முடி நெற்றியில் ஒட்டி, துப்பட்டா தோளில் ஒட்டி, நெஞ்சோடு அணைத்த பெட்டி. காமிராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். சின்ன வயதில் ‘நாந்தான் போலீஸ்’ என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு. கீழே பச்சை, சிவப்பு, மஞ்சள்.

பதிவில் நிவேதாவின் குரல்: “குணா சார், யாரு அது?” லண்டன்காரர் சிரிக்கிறார். என் குரல், ரொம்பத் தெளிவாக: “ஒண்ணுமில்ல மேடம். கூரியர்.”

எங்கள் தொழிலில் போனைக் காட்டும்போது, விரல் படும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும்படி வைத்திருப்போம். எங்கே அமுக்கினோம் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். புள்ளி முதலில் பச்சையின் ஓரத்தில் தோன்றியது. அழுத்தவில்லை. மறைந்தது. அப்புறம் மஞ்சளில் தோன்றியது. நான்கு நொடி. முகம் போய்விட்டது. பணம் அனுப்பும் பகுதி திரும்ப வந்தது.

பச்சையை அமுக்கினால் வருபவர் பெயரைக் கேட்கும், எட்டுப் பேர் பார்க்க அடிக்க வேண்டும். மஞ்சளுக்கு ஒரு தட்டு போதும். அதுதான் காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் டைரி கொடுத்த பெண் ஒப்புக்கொள்ள மாட்டாள். திரையில் அல்லியைப் பார்த்ததும், முழு ஹாலும் சிரித்தது ஒரு தரம் என் காதில் கேட்டது. கொஞ்சம் நிற்கட்டும் என்று தோன்றியது. கொஞ்சம்தான்.

எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன், “சார், கூரியர் பொண்ணு சூப்பரா இருக்கு, யாரு சார்?” என்றான்.

“தெரியாதுப்பா” என்றேன்.

ஒரே சிரிப்பு. எனக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்களாம்.

அக்டோபர் 31, வெள்ளி

சான்றிதழ் கூரியரில் வந்தது. புது செக்யூரிட்டி படம் அனுப்பினார். பச்சையைத்தான் அமுக்கினேன். பத்து நிமிடம் கதவருகே நின்றும் யாரும் வரவில்லை. கீழே போனால் அலமாரியில் இருந்தது. கூரியர்காரர்கள் எல்லோரும் இப்போது பழகிவிட்டார்கள், வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

அல்லி நேற்று புனேக்குப் போய்விட்டாள். விமான நிலையத்துக்குச் செண்பகம் மட்டும் போனாள். எனக்குச் சங்கக் கூட்டம்.

சாயங்காலம் செண்பகம் விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“பால்கோவா எடுத்துட்டு வந்த அன்னைக்குக் காலையிலயே இசக்கி டேப்பக் காட்டுனாரு. ‘கேட்டில் விடவும், குணாளன், ஆறு ஐம்பத்திரண்டு.’”

“அப்புறம் ஏன் கேட்ட, வரலையான்னு?”

“நீங்களா சொல்வீங்களான்னு பாத்தேன். ஒரு நாள் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். அந்தாளு வேலை போச்சு, அப்பயாவது சொல்வீங்கன்னு பாத்தேன். இப்ப அவர் கேளம்பாக்கத்துல கட்டடத்துல மண்ணு சுமக்குறாரு, தெரியுமா?” இன்னொரு தாளை எடுத்தாள். “அவ வீட்ட விட்டுப் போன அன்னைக்கு நீங்க சொன்னத அவ மறந்துட்டேன்னா. ‘இது உன் வீடு இல்ல, நீ இங்க விருந்தாளி’ன்னு. கோவத்துல சொல்றதுதானம்மான்னா. ஆனா அதுக்கப்புறம் உட்காந்து பட்டியல்ல பேர எடுத்தீங்க பாருங்க. அது கோவத்துல செய்யற வேலை இல்லையே. அது ரெண்டு தரம் கேக்கும்ல?”

“விளையாட்டுக்கு…”

“ம்.” சிவப்பு மையில் ஒரு தாளைக் குறுக்கே அடித்தாள். பாவம், எந்தப் பையனோ.

நவம்பர் 5, புதன்

கேளம்பாக்கம் வரை போனேன். எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் நாற்பது கட்டடம் எழும்புகிறது. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நவம்பர் 9, ஞாயிறு. புனே

இதை ஒரு கேட்டுக்கு வெளியே, குட்டைச் சுவரில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை எடுத்து வந்தது நல்லதாயிற்று. வேறு வேலை இல்லை.

செண்பகம் அல்லியைப் பார்க்க டிக்கெட் எடுத்திருந்தாள். நானும் வருகிறேன் என்றேன். ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘நான் பார்த்தேன். பார்த்துத்தான் அமுக்கினேன்.’ நாலே வார்த்தை. அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் நகைச்சுவையாகப் போய்விடுகிறது. அவள் விட்டுப்போன புத்தகம், தலையணை, நெல்லிக்காய் ஊறுகாய் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி என் தலையில்.

இங்கேயும் அதே கம்பெனி ஆப். பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

செண்பகம் தன் போனைக் காட்டினாள். நுழைவு எண். கேட் திறந்தது. நானும் பின்னால் நுழையப் போனேன், காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“ஒருத்தருக்குத்தான் அனுப்பியிருக்கா” என்றாள் செண்பகம். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. “இருங்க, நான் போய்ச் சொல்றேன்.” போனாள். திரும்பி ஒரு தரம் பார்த்தாள்.

காவலாளி இந்தியில் ஏதோ கேட்டார். என் இந்தி மூன்று வார்த்தை. மகள், அப்பா என்று கையால் காட்டினேன். அவர் என் தலையில் இருந்த பெட்டியைக் காட்டி, “டெலிவரி?” என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். பெட்டி கனத்தது, பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். தலையாட்டிவிட்டேன். டேப்பை உயர்த்திப் படம் எடுத்தார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. படத்துக்கு முன் நின்றால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

காத்திருந்தோம். பதில் நான்கு நொடியில் வரவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. என் முகத்தை அல்லி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. செண்பகம் அதற்குள் மேலே போயிருப்பாள், அவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு டேப் மணியடித்தது. இந்தியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும்.

காவலாளி பெட்டியை என் தலையிலிருந்து இறக்கி இரும்பு அலமாரியில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அதன் மேல் அல்லியின் வீட்டு எண்ணை எழுதினார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.